வெலிவாடா: பல்கலைக்கழகத்துக்குள் ஊரும் சேரியும்

இவ்வாண்டு ஜனவரி மாதத்தில் மூன்று நிகழ்வுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தன. 13ஆம் தேதி, உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான புதிய விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. 17ஆம் தேதி, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா மறைந்து பத்தாண்டுகள் நிறைவுற்றன. 29ஆம் தேதி, அந்தப் புதிய விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2012ஆம் ஆண்டின் பழைய விதிமுறைகளே இப்போதைக்குத் தொடரும் என்றது.

இடைப்பட்ட நாள்களில் நாடு எதை விவாதித்தது? பொதுப்பிரிவு மாணவர்கள் பொய்ப் புகாரில் சிக்கவைக்கப்படுவார்களா என்பதையே. தொலைக்காட்சி அரங்குகளிலும் வட இந்தியத் தெருக்களில் நடந்த போராட்டங்களிலும் அதுவே பேச்சு. விடுதி அறையை யார் ஒதுக்குகிறார், ஆய்வு நெறியாளர் யாருக்குக் கிடைக்கிறார், யாருக்குக் கடைசிவரை கிடைப்பதில்லை, உதவித்தொகை எந்த மாதம் வந்து சேர்கிறது, மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கும் உரிமையை யாரால் பறிக்க முடிகிறது என்ற கேள்விகளுக்கு அந்த விவாதத்தில் இடமே இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சாதி இயங்குவது இந்த அன்றாடத்தில்தான். இட ஒதுக்கீடு ஒரு மாணவரை வளாகத்தின் வாயில்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. வாயிலுக்கு உள்ளே இருக்கும் கூட்டு வாழ்க்கையோ, ஏறத்தாழ முழுவதுமாக, நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து மறுபடி படித்தால், இன்று உச்ச நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கு எதைப் பற்றியது என்பதும் விளங்கும்.

தனித் தெலங்கானா, தனி ஆந்திரா கிளர்ச்சிகளைத் தணிக்க 1973இல் உருவான ஆறு அம்சத் திட்டத்தின் விளைவாக, 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி தொடங்கப்பட்டது அந்தப் பல்கலைக்கழகம். முதலில் நகரின் நடுவே, சரோஜினி நாயுடுவின் குடும்ப இல்லமான 'கோல்டன் த்ரெஷோல்டு' கட்டடத்தில் இயங்கியது. பின்னர் மேற்கே கச்சிபௌலிக்குப் பெயர்ந்தது. பாறைகளும் ஏரிகளும் நிறைந்த அந்தப் பரந்த வளாகத்தைச் சுற்றிப் பின்னாளில் தகவல் தொழில்நுட்பப் பெருநிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. முதுகலைக்கும் ஆய்வுக்கும் முதன்மை தரும் உறைவிடப் பல்கலைக்கழகம் அது. அங்கே விடுதியில் இடம் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகமே இல்லை என்று பொருள். குண்டூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்து சேரும் முதல் தலைமுறை மாணவரால் கச்சிபௌலியில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்க முடியாது. மண்டல் ஆணைய எதிர்ப்புக் கலவரங்களுக்குப் பிந்தைய சூழலில், 1993இல், அம்பேத்கர் மாணவர் சங்கம் அங்கே தோன்றியது. தலித் மாணவர்கள் தம்மைத் தாமே ஒழுங்கமைத்துக்கொண்டு, வளாகத்தின் பொது வாழ்வில் தம் பெயரோடும் தம் தலைவர்களின் படங்களோடும் நிற்கத் தொடங்கியதன் அடையாளம் அது. நிர்வாகங்களுக்கு அது தொடக்கம் முதலே உறுத்தலாக இருந்தது. 2002இலும் பத்துத் தலித் மாணவர்கள் அங்கே நீக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

ஓர் ஆணையை வாசித்தல்

2015 டிசம்பரில் உறுதி செய்யப்பட்ட தண்டனை ஆணையை அதன் உணர்ச்சிப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்து, ஒரு நிர்வாக ஆவணமாக மட்டும் படித்துப் பார்க்கலாம். ஐந்து ஆய்வு மாணவர்கள், ஐவரும் தலித்துகள், ஐவரும் அம்பேத்கர் மாணவர் சங்கத்தினர். ஆணை அவர்களுக்கு எதை அனுமதித்தது? தத்தம் துறைகளுக்குச் செல்லலாம், நூலகத்தைப் பயன்படுத்தலாம், கருத்தரங்குகளில் அமரலாம். எதைத் தடுத்தது? விடுதியில் தங்கக் கூடாது. நிர்வாகக் கட்டடத்துக்கும் பிற பொது இடங்களுக்கும் குழுவாகச் செல்லக் கூடாது. மாணவர் பேரவைத் தேர்தலில் பங்கேற்கக் கூடாது.

இதை வகுத்தவர்கள் தாங்கள் கருணை காட்டியதாகவே நினைத்திருக்கக்கூடும். படிப்புக்குத் தடையில்லை அல்லவா! ஆனால் இந்தப் பிரிவினையின் கோடு எங்கே போடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உழைப்பின் இடம் திறந்திருக்கிறது, உறைவிடம் மூடப்படுகிறது. தனித்தனியாக வரலாம், சேர்ந்து வரக் கூடாது. அறிவைப் பெறலாம்; பிரதிநிதித்துவம் பெறக் கூடாது. வயலில் இறங்கி வேலை செய்யத் தடை இல்லை, ஆனால் ஊர்த்தெருவில் கூட்டமாக நடக்கக் கூடாது, பொதுக் கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது, ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது என்று கிராமம் விதித்த கட்டுப்பாட்டின் இலக்கணம் அப்படியே இங்கே இருக்கிறது. எந்த ஊர்ப் பஞ்சாயத்தையும் கேட்டு அந்த நிர்வாகக் குழு இதை எழுதியிருக்காது. கேட்க வேண்டிய தேவை இல்லை என்பதுதான் சாதியின் வலிமை. தண்டனை என்று யோசித்தவுடனேயே விலக்கி வைத்தல் கைக்கு எட்டும் கருவியாக வந்துவிடுகிறது.

2016 ஜனவரித் தொடக்கத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்த ஐவரும், படுக்கைகளையும் அம்பேத்கரின் படத்தையும் சுமந்துகொண்டு வளாகத்தின் கடைவீதிக்கு வந்து, திறந்தவெளியில் தங்கினர். அம்பேத்கர், பூலே, சாவித்திரிபாய், பெரியார், கன்ஷிராம் ஆகியோரின் உருவங்கள் தாங்கிய விளம்பரத் துணிகளே அவர்களுக்குச் சுவர்கள் ஆயின. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'வெலிவாடா'. தெலுங்கில் 'வெலி' என்பது நம் 'வெளி'யின் உடன்பிறப்பு. 'வாடா' என்பது குடியிருப்பு. ஊருக்கு வெளியே இருக்கும் தலித் குடியிருப்பின் பெயர் அது; தமிழில் நாம் சேரி என்போம். இப்பெயரைச் சூட்டியதில் இருந்த அறிவுக்கூர்மை குறைத்து மதிப்பிடப்படுகிறது என்பது என் எண்ணம். ஒழுங்கு நடவடிக்கை என்று நிர்வாகம் அழைத்த ஒன்றுக்கு அதன் உண்மையான பெயரை ஒரே சொல்லில் கொடுத்துவிட்டார்கள். நடுவண் பல்கலைக்கழகத்தின் வரைபடத்தில் சேரி எங்கே இருக்கிறது என்று எவரும் இனிக் கேட்க முடியாது. 2019இன் தொடக்கத்தில் நிர்வாகம் அந்த அமைப்பை அகற்றியது; ஒரு கூடாரத்தின் இருப்பு அதற்குள் மூன்றாண்டு நீண்ட குற்றச்சாட்டாக மாறியிருந்தது.

அந்த ஆணை பிறந்த வழியும் தெரிந்ததே. முசாஃபர்நகர் கலவரம் பற்றிய ஆவணப்படத்தின் திரையிடல் தில்லியில் தடுக்கப்பட்டதைக் கண்டித்து 2015 ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் நடந்த போராட்டம். ஏபிவிபி பொறுப்பாளர் ஒருவர் தாம் தாக்கப்பட்டதாகக் கொடுத்த புகார். ஆகஸ்டு 17 அன்று ஒன்றிய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா மனிதவள அமைச்சருக்கு எழுதிய கடிதம். பின்னர் அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அடுத்தடுத்து வந்த நினைவூட்டுகள். முதலில் பிறப்பித்த தண்டனையை மாணவர் எதிர்ப்புக்குப் பின் விலக்கிக்கொண்ட நிர்வாகம், புதிய குழு அமைத்து மறுபடியும் தண்டித்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பெயரில்லாத புகார்க் கடிதம் ஒன்றை இதே அமைச்சகம் அனுப்பிவைத்ததே அங்கு தொடக்கம். தமிழ்நாட்டிலும் நாடெங்கிலும் எழுந்த எதிர்ப்பால் அங்கீகாரம் ஜூனில் திரும்பக் கிடைத்தது. தலித் மாணவர் தாம் பாகுபாட்டுக்கு ஆளானதாகப் புகார் தந்தால் அது பல மேசைகளில் உறங்கும். தலித் மாணவர் அமைப்பின்மீது புகார் வந்தால் தலைநகரிலிருந்தே நினைவூட்டுக் கடிதங்கள் புறப்படும். புகார்களின் பயண வேகத்துக்கும் சாதி உண்டு.

ஏழு மாதங்கள், ஒரு நெறியாளர்

ரோஹித்தின் இறுதிக் கடிதத்தைப் பலரும் கவித்துவ ஆவணமாகவே வாசிக்கிறார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு மாத உதவித்தொகை தமக்கு வர வேண்டியிருக்கிறது என்றும், அது தம் குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். அதிலிருந்து ஒரு நண்பரின் கடனை அடைக்கச் சொன்னார். இளநிலை ஆய்வு உதவித்தொகை அப்போது மாதம் 25,000 ரூபாய். ஏழு மாதத்துக்கு 1,75,000 ரூபாய். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் மகனுக்கு அந்தத் தொகை என்னவாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். உதவித்தொகையில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பும் தலித் ஆய்வு மாணவர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். அது நின்றால் அவர்கள் முதலில் நண்பர்களிடம் கடன் வாங்குகிறார்கள். பிறகு நண்பர்களைத் தவிர்க்கிறார்கள். பிறகு நெறியாளர் முன் செல்லவே கூசுகிறார்கள். 'ஆவணங்கள் முழுமையாக இல்லை', 'கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது' என்ற விளக்கங்களை எந்த அலுவலகமும் தரும். பாகுபாட்டின் நோக்கம் ஒரு தனி அலுவலரின் மனத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் தேடுகிறது. தாமதத்துக்கு மனம் தேவைப்படுவதில்லை.

எட்டாண்டுகளுக்கு முன்பே அதே வளாகம் இதைக் கண்டிருந்தது. சேலம் மாவட்டத்திலிருந்து இயற்பியலில் ஆய்வுப் பட்டம் பெறச் சென்ற செந்தில்குமார், 2008 பிப்ரவரியில் அங்கே உயிரிழந்தார். பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்டிருந்த பன்னியாண்டிச் சமூகத்திலிருந்து அந்த உயரத்துக்குச் சென்றவர் அவர். சேர்ந்து பல மாதங்கள் ஆகியும் அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. முன்தகுதிப் பாடங்களில் தேர்ச்சி பெறாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும் என்ற நிலையும் இருந்தது. எழுந்த எதிர்ப்புக்குப் பின் பேராசிரியர் வினோத் பவரலா தலைமையில் பல்கலைக்கழகம் அமைத்த குழு, இயற்பியல் துறையின் நடைமுறைகள் ஒருசீராக இல்லை, தெளிவாகவும் இல்லை என்று கண்டது. அதனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் என்றும் பதிவு செய்தது.

இந்த முடிவைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். யாரும் செந்தில்குமாரைச் சாதிப்பெயர் சொல்லித் திட்டியதாக அக்குழு கூறவில்லை. விதி தெளிவாக இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையே அது காட்டியது. விதி தெளிவாக இல்லாவிட்டால் தெரிந்தவர்வழி காரியம் நடக்கும். பேராசிரியருடன் தேநீர் குடிக்கும் பழக்கமுள்ளவர், ஆங்கிலத்தில் தயங்காமல் பேசுபவர், மூத்த மாணவரின் ஊர்க்காரர் ஆகியோருக்கு நெறியாளர் கிடைத்துவிடுவார். மற்றவர் வரிசையின் கடைசியில் நிற்பார். அவர் கடைசியில் நிற்பதற்கு எவர்மீதும் குற்றம் சுமத்த முடியாது. தெளிவின்மை எல்லோரையும் சமமாகப் பாதிப்பதில்லை. அது அதிகாரத்துக்கு அருகில் இருப்பவருக்குச் சலுகை, தொலைவில் இருப்பவருக்குத் தண்டனை. 2026ஆம் ஆண்டின் விதிமுறைகள் தெளிவற்றவை, தவறாகப் பயன்படுத்தப்படக்கூடியவை என்று உச்ச நீதிமன்றம் கருதியதைப் படிக்கும்போது இந்த 2008ஆம் ஆண்டின் அறிக்கை நினைவுக்கு வராமல் இருக்காது. பல்கலைக்கழகங்களின் அன்றாட நடைமுறைகளில் இருக்கும் தெளிவின்மை பற்றி இதே அவசரத்தோடு எந்த நீதிமன்றமும் இடைக்கால ஆணை பிறப்பித்ததில்லை.

சேலத்திலிருந்து ஹைதராபாத் சென்ற இன்னொருவர் முத்துக்கிருஷ்ணன். ரோஹித்துக்கான போராட்டத்தில் நின்றவர். பின்னர் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு இடம் பெற்றவர். ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதிய சில நாள்களில், 2017 மார்ச்சில், அவர் மறைந்தார். எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதிய ஒடுக்கப்பட்ட சமூக மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் இழக்கிறார்கள் என்பதை அப்பல்கலைக்கழகமே அமைத்த அப்துல் நஃபே குழு ஆராய்ந்து, வாய்மொழித் தேர்வுக்கான மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்திருந்தது. நடந்தது நேர்மாறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 மே மாத அறிவிக்கை, எழுத்துத் தேர்வை வெறும் தகுதிகாண் தேர்வாக்கி, தெரிவு முழுவதையும் வாய்மொழித் தேர்வின் கையில் கொடுத்தது. ஒரு மூடிய அறையில் பத்து நிமிட உரையாடலில் 'தகுதி' அளக்கப்படும்போது, பெயரும் ஊரும் பேச்சும் உடையும் சேர்ந்தே அளக்கப்படுகின்றன.

அடுப்பு அணைந்த நாள்

பல்கலைக்கழக வாழ்வில் உணவுக்கூடத்தின் இடத்தை 2016 மார்ச் 22 உணர்த்தியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டு விடுப்பில் சென்றிருந்த துணைவேந்தர் அன்று பணிக்குத் திரும்பினார். எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்கள்மீது தடியடி நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் கைது செய்யப்பட்டனர். விடுதிகளின் மெஸ்கள் மூடப்பட்டன. துணைவேந்தர் இல்லம் சேதப்படுத்தப்பட்டதைக் கண்டித்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததே காரணம் என்று விளக்கம் வந்தது. குடிநீர், மின்சாரம், இணையம் ஆகியவையும் துண்டிக்கப்பட்டதாக மாணவர்கள் குற்றம் சாட்டினர். வாயில்கள் அடைக்கப்பட்டு, வெளியாரும் ஊடகங்களும் தடுக்கப்பட்டனர். மாணவர்கள் திறந்தவெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். அப்படிச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் காவல்துறையினரால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகத் நகரின் சவுதார் குளத்தில் நீர் அள்ளிப் பருகினார். அந்த நினைவுநாள் கழிந்து இரண்டாம் நாள், ஒரு நடுவண் பல்கலைக்கழகத்தில் தண்ணீரும் சோறும் போராட்டத்தின் பொருளாகிவிட்டன. எதிர்ப்பவரைப் பணிய வைக்க நீரையும் உணவையும் நிறுத்துவது ஊர்க்கட்டுப்பாட்டின் மிகப் பழைய முறை.

இங்கே ஒரு சட்டச் செய்தியையும் சொல்ல வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதையும், விதிப்பதாக அச்சுறுத்துவதையும் வெளிப்படையாகக் குற்றமாக்கியது. பொதுவான வளங்களையும் பொது இடங்களையும் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதில் அடங்கும். அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஜனவரி 26. ரோஹித் மறைந்து ஒன்பது நாள்கள் கழித்து!

கடந்த ஆண்டு அதே வளாகம் மறுபடியும் நாட்டின் கவனத்துக்கு வந்தது. காஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்தை ஏலம் விடத் தெலங்கானா அரசு புல்டோசர்களை இறக்கியபோது மாணவர்கள் எதிர்த்து நின்றனர். 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தடுத்தது. நியாயமான போராட்டம், நியாயமான வெற்றி. மான்களும் மயில்களும் வாழிடம் இழப்பதைக் கண்டு கலங்கிய நகர நடுத்தர வர்க்கம், அதே வளாகத்தில் ஐந்து மாணவர்கள் உறைவிடம் இழந்தபோது எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

மறைந்தவரின் சாதி

ரோஹித்தின் மரணத்துக்குப் பின் அரசு இயந்திரம் மிகுந்த ஊக்கத்தோடு விசாரித்த ஒரே கேள்வி, அவர் தலித்தா என்பது. ஒன்றிய அரசு அமைத்த நீதிபதி ரூபன்வால் ஆணையம், அவரது முடிவுக்குத் தனிப்பட்ட காரணங்களையே சுட்டியதோடு, அவருடைய தாயின் சாதியையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. 2024 மே மாதம் வெளிவந்த தெலங்கானா காவல்துறையின் முடிப்பறிக்கையும் அவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்றது. எதிர்ப்புக்குப் பின், மேல்விசாரணை நடக்கும் என்று காவல்துறைத் தலைவர் அறிவித்தார். சாதி மறுப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் சாதியே தானாக வந்துவிடாது, அப்பிள்ளை எந்தச் சூழலில் வளர்ந்தது, எந்த இழிவைச் சுமந்தது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2012இல் ரமேஷ்பாய் தபாய் நாயக்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கணவரால் கைவிடப்பட்டு, மாலா சமூகத்துப் பெண்ணாகக் குண்டூரில் தனியே பிள்ளைகளை வளர்த்தவர் ராதிகா வெமுலா. வாழ்ந்தபோது சேரியில் தள்ளி, இறந்தபின் சேரியில் இடமில்லை என்று சொல்வதற்கு வேறு பெயர் இல்லை.

அந்தத் தாய், மும்பையில் 2019 மே மாதம் உயிரிழந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியின் தாய் அபேதா தட்வியோடு இணைந்து, அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவர்கள் கேட்டது புதிய உரிமை எதையும் அல்ல. 2012இன் விதிமுறைகள் ஏட்டில் இருக்கின்றன, அவற்றைச் செயல்படுத்துங்கள் என்றார்கள். அந்த வழக்கில் 2025 ஜனவரியில் நீதிமன்றம் விவரங்களைக் கேட்ட பிறகே மானியக் குழு அசைந்தது. அது திரட்டிய கணக்கின்படி, சாதிப் பாகுபாட்டுப் புகார்கள் 2019-20இல் 173, 2023-24இல் 378. இந்த எண்களைப் பார்த்துப் பாகுபாடு இரு மடங்காகிவிட்டது என்று சிலரும், இவ்வளவு பெரிய நாட்டில் 378 மட்டும்தானா என்று சிலரும் வாதிட்டனர். புகார் தருவதற்கே விடுதி அறையும் உதவித்தொகையும் நெறியாளரின் கையெழுத்தும் விலையாகக் கூடும் என்னும்போது, அந்த எண் அளப்பது பாகுபாட்டை அல்ல, துணிச்சலை.

புதிய விதிமுறைகள் முழுமையானவை என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் வெளியான வரைவு பிற்படுத்தப்பட்டோரை விட்டுவிட்டது. பொய்ப் புகாருக்குத் தண்டனை என்று மிரட்டியது. எதிர்ப்புக்குப் பின் இரண்டும் மாறின. இறுதி விதிமுறைகளில் சமவாய்ப்பு மையம், சமத்துவக் குழு, நாள் முழுதும் இயங்கும் உதவி எண், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் கூட்டம், 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை என்று வேகம் இருந்தது. ஆனால் சமத்துவக் குழுவின் தலைவர் யார்? நிறுவனத்தின் தலைவர். ஹைதராபாத்தில் எந்த நாற்காலியின் பெயர் வழக்கில் இடம்பெற்றதோ அதே நாற்காலி. தலைவர்மீதே புகார் என்றால் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் தலைமை ஏற்பார் என்கிறது விதி. அவரும் அதே நிறுவனத்தில் வேலை பார்ப்பவரே. மேலும், 2012இன் விதிமுறைகள் விடுதி, உணவுக்கூடம், நூலகம், விளையாட்டிடம், மதிப்பீடு என்று பாகுபாடு நிகழும் இடங்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருந்தன. தில்லி எய்ம்ஸ் விடுதியில் தலித், பழங்குடி மாணவர்கள் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுக்கித் தள்ளப்பட்டதை 2007இல் தோரட் குழு வெளிப்படுத்திய அனுபவம் அந்த விதிமுறைகளுக்கு முன்னே இருந்தது. 2026இன் விதிமுறைகள் அந்தப் பட்டியலைக் கைவிட்டுப் பொதுவான வரையறையோடு நின்றுவிட்டன. தெளிவின்மை குறித்துக் கவலைப்பட வேண்டுமென்றால் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

எதிர்ப்பாளர்கள் சுட்டியதோ வேறொன்று. சாதிப் பாகுபாடு என்பதைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு எதிரானதாக மட்டும் வரையறுத்தது தங்களை வெளியே நிறுத்துகிறது என்றார்கள். அதே விதிமுறைகளில் மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் அடிப்படையில் எவருக்கும் நிகழும் பாகுபாட்டைத் தனியே வரையறுத்திருப்பதை அவர்கள் படிக்கவில்லை, அல்லது படித்தும் சொல்லவில்லை. பொதுப்பிரிவு மாணவர்களில் ஏழைகளும் அவமதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வளாகத்திலும் அவர்களை அவர்களுடைய சாதிக்காக விடுதியிலிருந்து விலக்கி, அதற்கு நிர்வாக முத்திரை குத்திய ஓர் ஆணையை இதுவரை எவரும் காட்டவில்லை.

வழக்கு முடியும்வரை 2012இன் விதிமுறைகளே நடப்பில் உள்ளன. அவற்றின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கல்லூரியும் சமவாய்ப்புப் பிரிவு ஒன்றை அமைத்திருக்க வேண்டும். பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் ஒருவரை அமர்த்தியிருக்க வேண்டும். புகாரின்மீது 60 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? அவர் எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில் அமர்த்தப்பட்டார்? கடந்த ஐந்தாண்டுகளில் வந்த புகார்கள் எத்தனை, முடிக்கப்பட்டவை எத்தனை? ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளர் ஒதுக்க ஆன நாள்கள், சாதிப்பிரிவு வாரியாக, எவ்வளவு? உதவித்தொகை நிலுவை எத்தனை பேருக்கு, எத்தனை மாதங்களுக்கு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இவற்றைக் கேட்க ஒரு தாளும் 10 ரூபாயும் போதும். பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.